கண் ஆடாத பக்கம்

என் மகளுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது ஒரு காலையில், பால் குடித்து முடித்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்கள் இரண்டும் இடமும் வலமுமாக ஆடுவதைப் பார்த்தேன். வேகமாக இல்லை. யாரோ கருவிழிகளை நூலில் கட்டி மெல்ல இழுத்து விடுவதுபோல, ஒரே சீராக. சிமிட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து முகத்தில் ஊதினேன். அவள் சிமிட்டினாள், சிரித்தாள். கண்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

எர்ணாவூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாங்கள் மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் என் நாத்தனார், கணவரின் அக்கா. ஓடிப்போய் அவரைத்தான் கூட்டிவந்தேன். குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தொட்டில்ல இன்னாத்த கட்டித் தொங்க வுட்டுகீற? கிலுகிலுப்பய உத்து உத்துப் பாத்தா இப்டித்தான் ஆவும்," என்றார். அன்றைக்கே கழற்றிவிட்டேன். குழந்தையின் தலைமாட்டில் யாரும் நிற்கக்கூடாது, நின்றால் கண் மேலே செருகும் என்றும் சொன்னார். என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் வண்டி. அதற்குப் பிறகு அவர் வேலை முடிந்து வந்ததும் கதவருகே செருப்பைக் கழற்றி, தொட்டிலைச் சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்துதான் மகளைப் பார்ப்பார். பல மாதங்கள் அப்படிச் சுற்றி வந்தார்.

திருவொற்றியூரில் ஒரு மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு வயதில் தானாக நின்றுவிடும் என்றார். ஒரு வயது ஆனது. ஒன்றரை ஆனது. கண் நிற்கவில்லை, கூடவே இன்னொன்று சேர்ந்தது. எதைப் பார்த்தாலும் முகத்தை இடது தோள் பக்கம் திருப்பிக்கொண்டு வலது ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். சோறு ஊட்டும்போது என்னையே அப்படித்தான் பார்ப்பாள். யாரையோ நம்பாமல் பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு. தாடையைப் பிடித்து நேராக வைப்பேன். கையை எடுத்ததும் திரும்பிவிடும். மறுபடி வைப்பேன். பழக்கமாகிவிட்டால் கழுத்து கோணிக்கொள்ளும் என்று ஊரே சொன்னது. பெண் குழந்தை வேறு என்று சேர்த்தும் சொன்னார்கள். ஒரு வேளைச் சோற்றுக்குப் பத்து முறையாவது அந்தத் தலையை நேராக்கியிருப்பேன்.

மூன்றரை வயதில் ஆதார் எடுக்கப் போனோம். நான் மணலி புதுநகரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணினியில் பதிவு போடும் வேலை பார்க்கிறேன். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தேன். கேமரா முன்னால் நாற்காலியில் உட்கார வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இயந்திரம் படத்தை ஏற்கவில்லை. மறுபடி எடுத்தார்கள், ஏற்கவில்லை. பின்னால் வரிசை. "தலைய புடிச்சுக்கோங்கக்கா, கை மட்டும் தெரியக்கூடாது," என்றாள் படம் எடுக்கும் பெண். நான் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து மகளின் பின்னந்தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

"தெரியலம்மா. தெரியலம்மா," என்று கத்தினாள்.

"ஒன்னும் தெரிய வேணாம், நேரா பாரு," என்றேன்.

படம் விழுந்தது. இன்றும் அவள் ஆதாரில் இருப்பது அந்த முகம்தான், மூக்கு ஒழுகி, உதடு பிதுங்கி.

அங்கன்வாடியில் இருந்த ஆயாம்மாதான் அதைக் கவனித்துச் சொன்னவர். ஒரு நாள் மதியம் பிள்ளையை அழைத்துவரப் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் பொண்ணு தலய திருப்பிக்கினா படத்துல இன்னா கீதுன்னு கரீட்டா சொல்லுது. நான் நேரா வெச்சேன், முழிக்குது. பூனைய நாய்ன்னுது. இது கழுத்து சமாச்சாரம் இல்லமே, கண்ணு சமாச்சாரம். பெரிய ஆஸ்பத்திரில காட்டு," என்றார்.

நகரத்துக்குள் இருந்த ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். குழந்தைகளுக்கான பிரிவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அவர் என் மகளின் தலையைத் தொடவே இல்லை. ஒரு சின்ன பொம்மையைத் தூரத்தில் பிடித்து, அவள் இஷ்டம்போலப் பார்க்கவிட்டார். அவள் திரும்பினாள். பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"இப்ப கண்ணைப் பாருங்கம்மா."

பார்த்தேன். ஓரத்துக்குப் போன அந்தக் கண்கள் ஏறக்குறைய அசையாமல் இருந்தன. லேசான நடுக்கம் மட்டும். மூன்றரை வருடமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன், அதைப் பார்த்ததில்லை.

"இப்ப நான் தலையை நேரா வைக்கிறேன்." வைத்தார். கண்கள் படபடவென்று ஆடின. "கண்ணோட ஆட்டம் குறையிற இடம் இவளுக்கு அந்த ஓரத்துல இருக்கு. அங்க வச்சுப் பார்த்தாத்தான் தெளிவாத் தெரியும். அதுக்குத்தான் தலையைத் திருப்பறா. பிடிவாதம் இல்ல, கெட்ட பழக்கம் இல்ல. அவளாவே கண்டுபிடிச்ச வழி."

"நான் நேராக்கிட்டே இருந்தேன் மேடம்."

"எல்லா அம்மாவும் செய்யறதுதான்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அப்போது அந்த நாற்காலியும் என் கைக்குள் துடித்த பின்னந்தலையும்தான் நினைவுக்கு வந்தன. அவள் பொய் சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னாள்.

அறுவை சிகிச்சை உண்டு என்றார் மருத்துவர். ஒவ்வொரு கண்ணிலும் பக்கவாட்டில் அசைக்கும் தசைகள் இரண்டு. சிலதைப் பின்னால் தள்ளித் தைப்பார்கள், சிலதைக் கொஞ்சம் குறைத்து இறுக்கித் தைப்பார்கள். அப்படிச் செய்தால் ஓரத்தில் இருக்கும் அந்த அமைதியான இடம் நடுவுக்கு வரும். தலையைத் திருப்பாமலே பார்க்கலாம்.

"அப்ப ஆட்டம் நின்னுடுமா மேடம்?"

"இல்லம்மா. ஆட்டத்தை உண்டாக்கறது மூளை. தசையில கைவச்சு அதை நிறுத்த முடியாது."

"கொஞ்ச நாள் ஆனாவாவது?"

"வளர வளரக் கொஞ்சம் குறையலாம். நிக்காது."

"வெளிநாட்டுல?"

"எங்கயும் இல்ல."

என் கணவர் வெளியே வந்து படியிறங்கும்போது, "கண்ணு ஆடுறதுக்குத்தானே வந்தோம். அத வுட்டுட்டு கழுத்துக்கு ஆபரேஷன் பண்றேன்றாங்களே," என்றார். அவருக்கு விளக்கிச் சொன்னேன். புரிந்தது என்றார். புரிந்த பிறகும் அதையேதான் கேட்டார்.

தலை திரும்பும் அளவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும்வரை பொறுக்க வேண்டும் என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் அளந்துவந்தோம். அவளுக்கு ஐந்து வயதாகி யுகேஜி போனாள். அங்கே பிள்ளைகள் அவளுக்கு 'டிக் டிக்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"அம்மா, என் கண்ணு ஆடுதா?"

அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் பார்க்கும் உலகம் ஆடுவதில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பதால் அவளுக்கு எல்லாம் நின்ற இடத்தில்தான் நிற்கும். ஆடுவது எங்களுக்குத்தான்.

"கொஞ்சம் ஆடும்," என்றேன்.

"எப்ப நிக்கும்?"

"டாக்டர் ஆபரேஷன் பண்ணா நின்னுடும்."

சொல்லும்போதே பொய் என்று தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறவள், என்றைக்குப் போகலாம் என்று அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். நான் அதைத் திருத்தவில்லை.

முதல் முறை அறுவைக்குத் தேதி கொடுத்தபோது சளி. மார்பில் கரகரவென்று சத்தம். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு முடியாது என்றார். எங்கள் பக்கத்தில் சளி இல்லாத குழந்தையைப் பார்ப்பது கஷ்டம். துறைமுகச் சாலையில் டிரெய்லர்கள் போய்க்கொண்டே இருக்கும், துணி காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் கறுப்புப் பொடி படியும். இரண்டாவது தேதிக்கு முன் ஒரு மாதம் நான் ஜன்னல்களைத் திறக்கவே இல்லை. அவற்றின் மேல் ஈரத்துணி கட்டினேன். ஐஸ் கிடையாது, வெளியில் விளையாட்டு கிடையாது. அன்று காலையில் நன்றாகத்தான் கிளம்பினாள். வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. வாங்கி வைத்திருந்த பன்னை அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து தின்றாள். "இன்னிக்கும் இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு முறையும் என் கணவர் விடுப்பு எடுத்திருந்தார். மூன்றாவது முறை அவருக்கு விடுப்பு இல்லை. விடியற்காலையில் துறைமுகத்துக்கு ஒரு நடை வண்டியோட்டிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றார். நாத்தனார் என்னோடு வந்தார், மாற்றுத் துணி இருந்த பையைத் தூக்கிக்கொண்டு.

பத்து மணிக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவருக்குப் போன் செய்தேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் குரல் வந்தது.

"ஹார்பர் கேட்டாண்ட மாட்டிக்கினேம்மே. முன்னாடி நாப்பது வண்டி கீது, பின்னாடியும் நிக்குது. சரக்கோட வண்டிய வுட்டுட்டு எறங்கவும் முடியாது. இன்னா பண்றதுன்னே தெரியல."

"கையெழுத்து கேக்கறாங்க."

"போடு," என்றார். "பாப்பாகிட்ட குடு."

போனை அவள் காதில் வைத்தேன். "நைனா, கண்ணு நின்னப்புறம் பாக்க வரியா?" என்றாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையாட்டினாள். போனை நான் திரும்ப வாங்கியபோது ஹாரன் சத்தம்தான் இருந்தது.

மயங்கும்வரை ஒருவர் கூட இருக்கலாம் என்று எனக்கு ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். உள்ளே குளிர். அவளை மேசையில் படுக்க வைத்ததும் பயந்துவிட்டாள். நான் அவளுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். என்னைத் தேடி முகத்தைத் திருப்பினாள். முகமூடி பொருந்தவில்லை என்று நர்ஸ் தலையை நேராக்கினார். அவள் திரும்பினாள். அவர் மறுபடி நேராக்கினார்.

"அப்டியே வுட்டுடுங்க சிஸ்டர். தலையத் திருப்பினாத்தான் அவளுக்கு என்னைத் தெரியும்."

"நேரா இருந்தாத்தாம்மா மருந்து சரியாப் போகும். ஒரு நிமிஷம்தான்."

தலையை நேராகப் பிடித்துக்கொண்டார்கள். அவள் விழிகள் வலது ஓரத்துக்கு ஓடின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் ஓடி, அவள் ஓரக்கண்ணுக்கு நேராகக் குனிந்து நின்றேன். என்னைப் பார்த்துவிட்டாள். உடம்பு தளர்ந்தது. "பலூன் ஊது பாப்பா," என்றார் ஒருவர். நான்கைந்து மூச்சில் இமை மூடிக்கொண்டது. என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள், மூன்று ஆனது. நாத்தனார் ஏதேதோ சாமிக்கு வேண்டிக்கொண்டே இருந்தார். எனக்கு எதை வேண்டுவது என்று தெரியவில்லை. ஆட்டம் நிற்க வேண்டும் என்று வேண்ட முடியாது, நிற்காது என்று எழுதியிருந்த காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கொண்டுவந்து படுக்க வைத்தபோது இமைகள் இரண்டும் வீங்கியிருந்தன. கண்ணோரத்திலிருந்து வெளிறிய சிவப்பில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்தேன், மறுபடி வழிந்தது. விழித்ததும் வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் கைகளால் காற்றைத் துழாவினாள். நான்கு மணிக்கு என் கணவர் வந்தார். சட்டையெல்லாம் தூசி. கட்டிலிலிருந்து ஐந்தடி தள்ளியே நின்றார். "கை கலீஜா கீது," என்று போய்க் கழுவிவிட்டு வந்தார். வந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி கழுவப் போனார். கடைசியில் அவள் பாதத்தை மட்டும் தொட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள, நான் இமையைப் பிரித்து ஊற்ற வேண்டும். "நேத்து போட்டீங்களே, நேத்து போட்டீங்களே," என்று அழுவாள். ஐந்தாம் நாள் காலை வீக்கம் வடிந்து கண்ணை முழுதாகத் திறந்தாள். வெள்ளை விழி முழுக்க ரத்தச் சிவப்பு. முகம் நேராக என்னைப் பார்த்தது. அப்படி நேராக என்னை அவள் பார்த்து நான் பார்த்ததே இல்லை.

"நின்னுச்சாம்மா?"

கண்கள் ஆடிக்கொண்டிருந்தன. முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் ஆடின. பக்கத்தில் இருந்த நாத்தனார் அவள் கன்னத்தை வழித்து, "நின்னு பூட்ச்சுடா என் ராசாத்தி. ஷோக்கா கீது," என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கு அனுப்பினோம். அன்று காலை அவள் எல்லோருக்கும் முன்னால் போய்க் கண்ணைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன். சாயங்காலம் வந்தாள். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் வைத்தாள்.

"நிக்கலயாம்மா," என்றாள். "பசங்க சொன்னாங்க."

அழவில்லை. ஷூவைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "டாக்டரு அத மட்டும் மறந்துட்டாங்களா?"

நான் தோசை ஊற்றப் போனேன். அன்று இரவு என் கணவர், "அப்பால நின்னுடும்டா கண்ணு," என்று ஆரம்பித்தார். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பத்து நாள் கழித்து மறுபரிசோதனை. தூரத்தில் இருந்த பலகையில், முன்பு படித்ததைவிட ஒரு வரி கூடுதலாகப் படித்தாள். தலை பெரும்பாலும் நேராகவே இருந்தது. மருத்துவருக்குத் திருப்தி. நல்லா வந்திருக்கு என்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள்.

"டாக்டர், கண்ண நிறுத்த மறந்துட்டீங்களா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தலை தானாகக் குனிந்தது. அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார், வலது ஓரத்தில் இல்லை, நேர் எதிரே.

"மறக்கல பாப்பா. எனக்கு நிறுத்தத் தெரியாது. இங்க இருக்கிற யாருக்கும் தெரியாது. தலையைத் திருப்பாம பார்க்கிற மாதிரி பண்ணத்தான் தெரியும். அதைப் பண்ணிட்டேன்."

"அம்மா நின்னுடும்னு சொன்னாங்க."

"அம்மாவுக்கு அப்படி ஆசை."

அவள் யோசித்தாள். "சரி," என்றாள்.

மெட்ரோவில் விம்கோ நகர் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தண்டையார்பேட்டை தாண்டியதும் சொன்னேன். "நிக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

"நீ பயப்படாம வரணும்னு."

"நான் பயந்தேனே," என்றாள்.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. 'டிக் டிக்' என்று யாராவது கூப்பிட்டால், "பொறந்ததுலேந்தே அது அப்டித்தான், அதுவா ஆடும்," என்று அவளே சொல்லிவிடுகிறாள் என்று டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறாளாம். சில நாட்கள் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொன்னார்.

போன முறை அளந்தபோது தலை மறுபடி கொஞ்சம் திரும்ப ஆரம்பித்திருந்தது. பழைய அளவு இல்லை, கால்வாசி இருக்கும். சில பிள்ளைகளுக்கு அப்படித் திரும்பி வரும், இப்போதைக்கு மறுபடி அறுவை வேண்டாம், வளரட்டும் என்றார் மருத்துவர்.

"அதுவரைக்கும் நான் இன்னா மேடம் பண்ணணும்?"

"பண்ண ஒண்ணும் இல்லம்மா. முன் பெஞ்சுல உட்கார வைக்கச் சொல்லுங்க. போர்டுக்கு இடது பக்கமா, அவளுக்கு வலப்பக்கம் போர்டு வர்ற மாதிரி. கிட்டப் போய்ப் பார்க்கணும்னு கேட்டா விடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு வெள்ளைத்தாளில் டீச்சருக்கு எழுதினேன். எந்தப் பக்கம் என்பது தவறிவிடக்கூடாதே என்று போர்டையும் பெஞ்சையும் சின்னதாக வரைந்து, அவள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். மறுநாள் காலை அவளே அதை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.